கை எட்டாத இடம்

உடம்பில் கை எட்டாத இடம் என்று ஒன்று இருப்பதே தவமணிக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. மத்தியானம் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததிலிருந்து, இப்போது கொல்லைப்புறத்தில் பசுமாடு மல்லிகாவின் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்த பிறகும், முதுகின் நடுவில், தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் இடையில், சற்றே இடது பக்கமாக ஒரு அரிப்பு. வலது கையைத் தோளுக்கு மேலாக விட்டால் அதற்கு நாலு விரல் மேலே நின்றுவிடுகிறது. இடது கையை இடுப்புப் பக்கமாக முறுக்கி ஏற்றினால் நாலு விரல் கீழே நின்றுவிடுகிறது. நடுவில் கிடக்கும் அந்தத் துண்டு இடம் அவளுடையதுதான், அவள் சோறு தின்று வளர்த்ததுதான், ஆனால் அவளுக்கு அங்கே போக வழியில்லை. அரிப்பா, அரிக்கிறது என்கிற நினைப்பா என்றும் தெரியவில்லை. காலையில் நர்ஸ் ஜெஸ்ஸி மாரியம்மன் கோவில் முன்னால் எல்லோரையும் கூட்டிவைத்து, நேற்று செத்த குரங்கு, குரங்குக் காய்ச்சல், உண்ணி என்று வாயைத் திறந்த மாத்திரத்தில் கூட்டமே சொறிய ஆரம்பித்துவிட்டது. கங்காணி காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார், பூசாரி பூணூலால் முதுகை இழுத்துத் தேய்த்தார், பேசிக்கொண்டிருந்த ஜெஸ்ஸியே நடுவில் ஒருதரம் கழுத்தைத் தடவிக்கொண்டாள். தவமணி மட்டும் சொறியவில்லை. அப்போது அவளுக்கு எங்கேயும் அரிக்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருந்தது. ஊரோடு சேர்ந்து அரித்திருந்தால் நினைப்பு என்று தள்ளிவிடலாம். எல்லோருக்கும் ஓய்ந்த பிறகு தனியாக ஒரே இடத்தில் அரிப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? மல்லிகா காதை ஆட்டியது. நில்லுடி, நீ வேற, என்று காது மடலைப் புரட்டினாள். உள்ளே ஆமணக்கு விதைபோல் உப்பிப்போய் வரிசையாக உண்ணிகள். நேற்றுவரை இந்த வேலையில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துவைக்கும் கல்லில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குவாள், பட்டென்று ஒரு சத்தம் வரும், மாட்டுக்காகப் பழிவாங்கின மாதிரி இருக்கும். கையால நசுக்கவே கூடாது, அந்த ரத்தத்துல இருக்கறது நம்ம கைக் கீறல் வழியா உள்ள போயிரும், என்று ஜெஸ்ஸி சொன்ன பிறகு கையில் ரொட்டிக் கவரை மாட்டிக்கொண்டு, பிடுங்கியதை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள். எத்தனை வருஷம் நசுக்கியிருப்போம், இந்தக் கையோடுதானே சோறு பிசைந்தோம், பையனுக்கு ஊட்டினோம். பையன் கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் நன்றாகத்தான் இருக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. அரிப்பு இறங்கவில்லை.

அந்தக் குரங்கை யாரும் குரங்காகவே நினைக்கவில்லை, வினை அங்கேதான் ஆரம்பித்தது. மற்றக் குரங்குகள் லயத்துக் கூரையில் ஓடு பெயர்த்துக்கொண்டும் காயப்போட்ட வடகத்தைத் தூக்கிக்கொண்டும் திரியும்போது இது மட்டும் தனியாக இறங்கி வந்து கோவிலுக்கு எதிரில் கல்லில் உட்கார்ந்துகொண்டது. கல்லெறிந்தால் ஓடவில்லை, நாய் குரைத்தால் திரும்பவில்லை, தலையைத் தொங்கப்போட்டு, கண் பாதி மூடி, அம்மன் இருக்கிற பக்கம் பார்த்தபடி இருந்தது. பார்த்தீங்களா, தவம் பண்ணுது, என்றார் பூசாரி. அவ்வளவுதான், வாழைப்பழம் வந்தது, தேங்காய் மூடி வந்தது, கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஒன்றையும் அது தின்னவில்லை. விரதம் என்றார்கள். மூக்கில் லேசாக ரத்தம் கசிந்ததைத் தவமணியே பார்த்தாள், குங்குமம் என்று நினைத்தாள், யாரோ வைத்திருப்பார்கள் என்று. காய்ச்சலில் கிடக்கிற ஒரு ஜீவனுக்கு இத்தனை பேர் சேர்ந்து கற்பூரம் காட்டியிருக்கிறோம், ஒருத்தருக்காவது அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. நேற்று விடியும்போது அது கல்லிலிருந்து பாதையில் சரிந்து கிடந்தது. ஆஞ்சநேயர் உயிர் விட்டுவிட்டார் என்று ஊரே கூடியது. பாதையிலிருந்து கோவில் வாசல் வரைக்கும் அதைத் தூக்கி வந்தது பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் அக்கா. யாரையும் தொடவிடவில்லை. பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்து, அதன் தலையும் கையும் அவள் முதுகுப் பக்கம் தொங்க, ஒப்பாரி சொல்லிக்கொண்டே வந்தாள். தன் சொந்தப் புருஷன், பெரியவர், செத்தபோதுகூட அப்படி அழவில்லை அவள். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். அன்று அழாததையெல்லாம் நேற்று குரங்கிடம் அழுதுவிட்டாள்போல. பெண்கள் மஞ்சள் பூசினார்கள், பால் ஊற்றினார்கள், செவ்வந்தி மாலை போட்டார்கள். தவமணி ஈரத் துண்டால் அதன் முகத்தைத் துடைத்தாள். எவ்வளவு சின்ன முகம், காது இவ்வளவு மெல்லிசு, தொட்டால் சில்லென்று இருந்தது. துடைத்துவிட்டு அந்தத் துண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

துண்டு. நினைப்பு எந்தப் பக்கம் போனாலும் துண்டில் வந்துதான் இடறுகிறது. பால் கணக்குச் சொல்ல வேண்டுமே, துண்டு. பையனுக்குப் போன் பண்ண வேண்டுமே, துண்டு. குழி தோண்டி முடிகிற வரைக்கும் அது அவள் தோளில்தான் கிடந்தது, ஒரு முனை முன்னால், ஒரு முனை பின்னால், முதுகில், சரியாக அந்த இடத்தில். வீட்டுக்கு வந்து அலசிப் போட்டாள், குளித்தாள், தலைக்கு ஊற்றினாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பதுபோல் குளித்தாள், உண்ணிக்காகக் குளிக்கவில்லை. ரெண்டும் ஒரே தண்ணிதானே? ஆனால் முதுகை யார் தேய்த்தார்கள்? செத்த உடம்பு ஆறிப்போச்சுன்னா உண்ணிக்கு அங்க வேலையில்ல, என்றாள் ஜெஸ்ஸி. எறங்கி வந்து அடுத்த சூடு எங்கன்னு தேடும். காட்டுல எலி மேல இருக்கும், அணில் மேல இருக்கும், அதுங்க அசையாம தாங்கிக்கும். குரங்குக்கும் மனுசருக்கும்தான் தாங்காது. மாடு காட்டுக்குள்ள போயி மேஞ்சிட்டு அதுங்களச் சுமந்துக்கிட்டு வீட்டுக்கு வருது. மாட்டுக்கு இந்தக் காய்ச்சல் வராது, ஆனா சும்மா விடுமா, அதுக்கு வேற உண்ணிக் காய்ச்சல் இருக்கு. அதைக் கேட்டதும் தவமணிக்கு மல்லிகாவின் நினைவு வந்தது. போன மழைக்கு முன்னால் மல்லிகா தீனியைத் தொடாமல் நின்று, மூத்திரம் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்தில் போனபோது மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு இதைத்தான் சொன்னார், காட்டெருமை மேய்கிற சரிவில் விடாதீங்கம்மா, அதுங்க உதுத்துட்டுப் போறத இது பொறுக்கிட்டு வருது என்று. காட்டெருமைக்குத் தெரியுமா இது டீத்தோட்டம், இது காடு என்று. ஒரு காலத்தில் எல்லாம் காடாகத்தான் இருந்திருக்கும். நாம் வந்து லயம் கட்டி, மாட்டைக் கட்டி, விறகுக்கும் சருகுக்கும் உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறோம். உண்ணி பாவம், அதற்கு யார் எவர் என்று தெரியாது, சூடாக இருந்தால் போதும். நேற்று தன் கை அந்தச் சின்ன முகத்தின் சில்லிப்பை உணர்ந்த அதே நேரம் அதன் மயிருக்குள்ளிருந்து எதுவோ அவள் கையின் சூட்டை உணர்ந்திருக்கும். நினைத்ததும் தவமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. மேல் லயத்து முருகாயி போன கோடையில் சருகு அள்ளப் போய் வந்துதான் விழுந்தாள். தலை வெடிக்கிற வலி, கண் சிவந்து, ஈறில் ரத்தம், ஆஸ்பத்திரியில் மகளையே யாரென்று கேட்டாள். ஆனால் பிழைத்துக்கொண்டாள். அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், தவமணி, பயத்துக்கு வேண்டியதை மட்டும் பொறுக்காதே. முருகாயி இன்றைக்கு இவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து கிள்ளினாள், முடிதான் கொட்டிப்போய் மெலிந்திருக்கிறது, வாய் அப்படியே இருக்கிறது. ஆனால் அவளுக்கு அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஓட ஆள் இருந்தது. அதே கோடையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தார், கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். தவமணியின் கதவைச் சாத்தினால் யார் தட்டுவார்கள்? மல்லிகா கத்தும். கறக்கவில்லையே என்று கத்தும்.

உங்க முதுக உங்களால பாக்க முடியாது, வீட்ல இருக்கறவங்களப் பாக்கச் சொல்லுங்க, தலைமுடிக்குள்ள, காதுக்குப் பின்னால, அக்குள்ல, முதுகுல, தினமும் சாயங்காலம் ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கங்க. ஜெஸ்ஸி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒருத்தருக்கு ஒருத்தர் என்றால் முதலில் ரெண்டு பேர் வேண்டுமே. மத்தியானம் சுவரில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்க்க இன்னொரு கண்ணாடி வேண்டியிருந்தது. அடுப்படிச் சில்வர் தட்டைப் பிடித்தாள், அதில் தவமணி பூசணிக்காய்போல் தெரிந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் காவல் இருக்கிற புருஷனுக்குப் போன் பண்ணினாள். அந்த மனுஷர் எல்லாம் கேட்டுவிட்டு, ஏம்மா, பக்கத்துல யாரும் இல்லையா, பாக்கச் சொல்ல வேண்டியதுதான, என்றார். பக்கத்தில். இந்த லயத்தில் கடைசி இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர், கொல்லைப்புறத்தில் நடுவில் ஒரு கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சிவபாக்கியம் அக்கா. ஓரகத்தி. இவள் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள், முதுகு தேய்த்துவிட்டவள், பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்றியவள். தவமணியின் முதுகை இந்த உலகத்தில் அவளைவிட யாரும் பார்த்ததில்லை, புருஷன் உட்பட. அவளோடுதான் பேச்சு இல்லை. காரணம் என்று பார்த்தால் பீன்ஸ். பூவெடுத்து நின்ற அக்காவின் பீன்ஸ் கொடி நாலு வரிசையை மல்லிகா கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மேய்ந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் பீன்ஸோடு போயிருக்கும். மாட்ட அவுத்துவிட்ட மாதிரிதான் புருசனையும் அவுத்துவிட்ருக்கா திருப்பூருக்கு, என்றாள் அக்கா. அதற்குத் தவமணி திருப்பி ஒன்று சொன்னாள். என்ன சொன்னாள் என்கிற இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனசு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், பால், பையன், அடுப்பில் உலை. இப்போது திரும்ப முடியவில்லை, அரிப்பு பிடித்து நிறுத்திவைத்திருந்தது. எம்புருசன் திருப்பூர்லயாவது இருக்காரு. அதுதான் சொன்னாள். பெரியவர் போய்ச் சேர்ந்த வருஷம் திரும்பாத நேரத்தில். அக்கா உள்ளே போனாள். மறுநாள் வேலிக்குக் கம்பி வந்தது.

அதற்காகப் பேசிக்கொள்ளவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த மாதிரி அமைதியாக இருக்கிற குடும்பமில்லை இது. அக்கா தன் கோழியிடம் பேசுவாள், தவமணி தன் மாட்டிடம் பேசுவாள், சேதி போய்ச் சேர்ந்துவிடும். குழாயில தண்ணி வருது, சில பேருக்குக் காதும் இல்ல கண்ணும் இல்ல, போடி கொண்டக்காரி, நீயாவது போயிக் குடி, என்று அக்கா கோழியை விரட்டினால் தவமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஏன்டி மல்லிகா, நெலம்பூர்லருந்து யாரோட மகளோ போன் பண்ணுச்சாம், யாரோட போனோ ஆஃப்ல கெடக்காம், என்று இங்கே சொன்னால் அங்கே போன் சார்ஜில் ஏறும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் சிரிப்பதுகூட இல்லை இப்போது. கோழியும் மாடும் பாவம், எந்தப் பாவமும் அறியாமல் வாரம் முழுக்கத் திட்டு வாங்கும். அரிப்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். உண்ணி ஒட்டாமலிருக்கப் பூசிக்கொள்ள ஜெஸ்ஸி வீட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போன எண்ணெய் பாட்டில் அவள் கொல்லைத் திட்டில் மூடி திறக்காமல் நின்றது. திறக்க மாட்டாள். காலையில் ஜெஸ்ஸி குரங்கைத் தொட்டதுதான் தப்பு என்று ஆரம்பித்ததும், சாமிக்குச் செஞ்சது குத்தமா, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பாதியிலேயே போய்விட்டாள். குரங்கைப் புதைத்த குழியைச் சுற்றி உண்ணி சாக வெள்ளைப் பொடி தூவியபோது அக்கா மட்டும்தான் கதவைத் திறந்து பார்க்கவில்லை. தவமணி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு தொண்டையைச் செருமினாள். மல்லிகா, ஒனக்குக் குடுத்து வச்சிருக்குடி, ஒம்மேல உண்ணி இருந்தாப் பாத்து எடுக்க ஒரு ஆளு இருக்கு, என்றாள் கொஞ்சம் உரக்க. சொன்ன பிறகு ரொம்ப வெளிப்படையாகச் சொல்லிவிட்டோமோ என்று வெட்கமாக இருந்தது. விறகு அடுக்குகிற சத்தம் நின்றது. கோழியைக் கூப்பிடும் சத்தம் வந்தது. ஏ கொண்டக்காரி, ஒனக்கென்ன, மண்ணுல பொரண்டு எந்திரிச்சா எல்லாம் போச்சு, ஆளா வேணும் ஒனக்கு, என்றாள் அக்கா. அதற்கு என்ன அர்த்தம்? நீயும் போய் மண்ணில் புரள் என்கிறாளா, இல்லை தனக்கும் ஆளில்லை என்கிறாளா? தவமணி அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாட்டிடம் சொல்லிக் கேட்கக்கூடிய விஷயமாக இது இல்லை.

போகலாம். எழுந்து, வேலியைத் தாண்டி, போய் நின்று, பாருக்கா என்றால் என்ன குறைந்துவிடும்? குறையாது. ஆனால் அவள் பார்க்க மாட்டேன் என்றால்? பார்க்க மாட்டேன் என்று வாயால்கூடச் சொல்ல மாட்டாள், கோழியிடம் சொல்லுவாள், அதை நின்று கேட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும், அரிக்கிற முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு. முருகாயி வீட்டுக்கு ஏறிப் போகலாம். முருகாயி பார்ப்பாள், பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லுவாள், பக்கத்துல ஓரகத்தி இருக்க இவ்வளவு தூரம் வந்தா என்று. சரி, யாரும் வேண்டாம், காய்ச்சல் வந்தால் வரட்டும், தானே பஸ் ஏறிப் போய்விட வேண்டியதுதான். காய்ச்சல் வந்தவளுக்குப் பஸ் ஏறத் தெரியுமா, மகளையே தெரியவில்லையே முருகாயிக்கு. இப்படியே நினைப்பு தொழுவத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது எங்கேயோ சரக் சரக் என்று ஒரு சத்தம். மல்லிகா தூணில் உடம்பைத் தேய்க்கிறது என்று நினைத்து, சும்மா இருடி, என்று அதட்டினாள். மல்லிகா சும்மாதான் நின்றது, தலையைத் தூக்கி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு. தவமணியும் பார்த்தாள். சிவபாக்கியம் அக்கா தன் வீட்டுக் கொல்லைத் தூணில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாடு எப்படித் தேய்க்குமோ அப்படி. அந்தத் தோள், அந்த முதுகு. நேற்று குரங்கின் தலை தொங்கிய இடம். மத்தியானத்திலிருந்து ஒரு துண்டுக்காக இந்தப் பாடு படுகிறோமே, முழுக் குரங்கையும் சுமந்தவளை ஒரு தரமாவது நினைத்தோமா? அவளுக்கு யார் பார்ப்பார்கள்? மகள் நிலம்பூரில். பெரியவர் மண்ணில். நசுக்கக் கூடாது என்று ஜெஸ்ஸி சொன்னபோது அவள் அங்கே இல்லை. தவமணிக்குத் தன் அரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. பலகை ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் உருள எழுந்தாள்.

"அக்கா, தேய்க்காத."

சிவபாக்கியம் கண்ணைத் திறந்தாள். யாரைச் சொல்கிறாள் என்பதுபோல் கோழியைத் தேடினாள். கோழி அங்கே இல்லை.

"ஒன்னத்தான் அக்கா. தேய்க்காத, நசுங்கிரும். நசுங்குனா உள்ள போயிரும்னு சிஸ்டர் சொன்னாக. நீ பாதியில போயிட்ட."

தவமணி வேலிக் கம்பியை மிதித்துத் தாழ்த்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் காலை வைத்தாள். சேலை முனை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்தால் கிழியட்டும். கிட்டே போனதும் அக்கா தூணோடு ஒண்டிக்கொண்டாள்.

"தள்ளி நில்லு தவம். என்கிட்ட ஏதாச்சும் இருந்தா ஒனக்கு ஒட்டிக்கும்."

"காய்ச்சல் ஆளுக்கு ஆளு ஒட்டாது. அதையும் நீ கேக்கல. திரும்பு."

"சாமின்னு நெனச்சுத்தான் தூக்குனேன்."

"எல்லாரும்தான் நெனச்சோம். திரும்புக்கா."

சிவபாக்கியம் திரும்பினாள். மாராப்பை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ரவிக்கை ஊக்குகளைக் கழற்றினாள். தவமணி ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கினாள். மெலிந்துபோயிருந்தாள் அக்கா, முதுகெலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது தெரிந்திருக்கவில்லை. சாயங்கால வெயில் கொல்லையில் இன்னும் மிச்சமிருந்தது. அந்த வெளிச்சத்தில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தூணில் தேய்த்துச் சிவந்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, கசகசா விதை கொஞ்சம் பெருத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. மச்சமாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் அந்த முதுகில் மச்சம் எங்கே இருக்கிறது என்று தவமணிக்குத் தெரியும். எத்தனை தலை முழுக்குக்குத் தேய்த்துவிட்ட முதுகு. அங்கே மச்சம் கிடையாது. குனிந்து பார்த்தாள். புள்ளிக்குக் கால் இருந்தது.

"இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கு. அசையாத. முள்வாங்கி எடுத்துட்டு வர்றேன்."

எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. அக்கா வீட்டு அடுப்படியில் ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் கரண்டிக்குப் பின்னால்தான் அது தொங்கும், எப்போதும் தொங்கியதுபோலவே இப்போதும் தொங்கியது. ரொட்டிக் கவர் கையிலேயே இருந்தது. ஆயிரம் உண்ணி பிடுங்கிய கைதான், மாட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குகிற கை. இருந்தாலும் முழங்கையை அக்காவின் தோளில் ஊன்றிக்கொண்டாள். தோலை ஒட்டிப் பிடிக்கணும், திருகக் கூடாது, நேரா, மெதுவா. ஜெஸ்ஸி சொன்னதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இழுத்தாள். தோல் கூடாரம்போல் கொஞ்சம் எழும்பியது. பிறகு விட்டது. முழுதாக வந்திருந்தது, கால்களை ஆட்டிக்கொண்டு. மூடி போட்ட மாத்திரை டப்பாவில் போட்டு இறுக்கினாள், அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், பிறகு ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள். ஜெஸ்ஸி அவசரப்படாமல் பேசினாள். டப்பாவ வைங்க, காலைல வர்றேன். எல்லா உண்ணிலயும் கிருமி இருக்காதுக்கா, பயப்படாதீங்க. ஆனா காய்ச்சல் வருதான்னு தினம் தொட்டுப் பாத்துக்கங்க, லேசாச் சுட்டாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க. வேளையோட வந்தாப் பாத்துக்கலாம். வீட்ல யார் இருக்கா தொட்டுப் பாக்க?

"நான் இருக்கேன்" என்றாள் தவமணி.

போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, அது டப்பாவுக்குள் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மத்தியானம் முழுக்கத் தவமணியின் முதுகில் இருந்த பயம் வேறு, இது வேறு. இதைப் பார்க்க முடிந்தது, மூடி போட முடிந்தது. நாளைக்குக் காலையில் அக்காவின் நெற்றியில் கை வைக்க வேண்டும், மறுநாளும், அதற்கு மறுநாளும். எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சிவபாக்கியம் ஊக்குகளை மாட்டிக்கொண்டு, கைக் கவரைக் கேட்டு வாங்கித் தன் கையில் மாட்டினாள்.

"திரும்பு, ஒன்னோடதப் பாக்கலாம்."

"எனக்கு நினைப்புத்தான்க்கா. ஒன்னையப் பாத்ததும் அரிப்பே நின்னுபோச்சு."

"மாட்டுகிட்டச் சொன்னியே அப்ப. அரிக்காமயா சொன்ன. திரும்புடி."

தவமணி ஊக்குகளைக் கழற்றி ரவிக்கையைத் தளர்த்திவிட்டுத் திரும்பி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்திலிருந்து ஆரம்பித்தது அந்த விரல். காதுக்குப் பின்னால், மயிருக்குள், தோளின் மேல், பிறகு கொழுந்து நிரை மாதிரி ஒவ்வொரு வரிசையாக இறங்கியது. கை எட்டாத அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

"இங்கயா?"

"அங்கதான்."

"ரவிக்கைத் தையல் பிரிஞ்சு நூலு முறுக்கிக்கிட்டு நிக்குது. அது குத்திக் குத்திச் செவந்து கெடக்கு. வேற ஒண்ணும் இல்ல."

தவமணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது, எதற்காக என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை. ஒரு நூலுக்கா இத்தனை பாடு. அந்த நூல் இல்லையென்றால் இந்நேரம் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, தூண் சத்தத்தைக் கேட்டும் கேட்காமல் உள்ளே போயிருப்பாள். ரவிக்கையை இழுத்துவிடப் போனாள்.

"அதான் இல்லையேக்கா, விடு."

"சும்மா இரு. இன்னும் இடுப்புப் பக்கம் பாக்கல."

விரல் மறுபடி இறங்க ஆரம்பித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகா கறவை நேரம் தாண்டிவிட்டதென்று உரக்கக் கத்தியது. இரண்டு பேரில் ஒருவரும் அதனிடம் ஒன்றும் சொல்லவில்லை.